நாய், பூனைகளுக்கு அவசரநிலை: வீட்டிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நாயோ பூனையோ மயங்கிச் சாய்ந்ததும் வீட்டில் இருப்பவர்கள் முதலில் செய்வது அதன் வாயில் தண்ணீர் ஊற்றுவது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் விழுங்க முடியாத நிலையில் இருக்கும் பிராணியின் வாயில் ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பிராணிகளுக்கான அவசரப் பிரிவில் இரவு வேலை பார்த்த காலத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வந்த நோயோடு நுரையீரல் பாதிப்பும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டில் இருப்பவர் மருத்துவம் பார்க்க வேண்டியதில்லை. ஆபத்தைச் சீக்கிரம் கண்டுகொள்ள வேண்டும், கெடுதல் எதுவும் செய்துவிடக் கூடாது, சரியான தகவலோடு மருத்துவமனைக்கு வந்து சேர வேண்டும். இந்த மூன்றுக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இன்றைக்கே பழகிக்கொள்ளுங்கள்

உங்கள் பிராணி நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அது மாறும்போது தெரியும். அது ஆழ்ந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று 30 விநாடி எண்ணுங்கள். அதை இரண்டால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும். நாய், பூனை இரண்டுக்குமே தூக்கத்தில் இது 30-க்குக் கீழே இருக்க வேண்டும். இதய நோய் உள்ள பிராணிக்கு இந்த எண் ஏறிக்கொண்டே போனால், நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். மற்ற அறிகுறிகள் தெரிவதற்கு முன்பே பல சமயம் இது காட்டிக்கொடுத்துவிடும். காசு செலவில்லாத, கருவி தேவைப்படாத இந்தச் சோதனையை நான் வேறு எதையும்விட மதிக்கிறேன்.

அடுத்தது ஈறு. மேல் உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். சில நாய்களுக்கு இயல்பாகவே ஈறு கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

இதயத் துடிப்பை இடது முழங்கைக்குச் சற்றுப் பின்னால், மார்பில் கைவைத்து உணரலாம். ஓய்வில் இருக்கும் பெரிய நாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 100, சிறிய நாய்க்கு 100 முதல் 140, பூனைக்கு 140 முதல் 220 வரை இருக்கும். உடல் வெப்பம் இரண்டுக்கும் ஏறக்குறைய 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நமக்குக் காய்ச்சலாகத் தெரியும் சூடு அவற்றுக்கு இயல்பு. தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துத்தான் வெப்பத்தைச் சரியாகப் பார்க்க முடியும். மூக்கு ஈரமா காய்ந்ததா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் ஒரு பெட்டி. டிஜிட்டல் தெர்மாமீட்டர், காஸ் துணி, கட்டுத்துணி, சலைன், வாய்க்கட்டு, கனமான துண்டு, இவை போதும். 24 மணி நேரமும் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணும் வழியும் அதன் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கட்டும். மாத்திரைகளை அதில் நிரப்பாதீர்கள்.

2. காலை வரை காத்திருக்கக் கூடாதவை

"காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டதால் இழந்த உயிர்கள் அதிகம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள்:

- மூச்சுவிடச் சிரமப்படுவது, கழுத்தை நீட்டி வயிற்றை இழுத்து மூச்சுவிடுவது. பூனை வாயைத் திறந்து மூச்சுவிட்டாலே அவசரம்தான்.
- ஈறு வெள்ளையாகவோ நீலமாகவோ சாக்லேட் பழுப்பாகவோ மாறுவது
- எழுந்திருக்க முடியாமல் சாய்வது, நினைவிழப்பது
- வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவிப்பது
- சிறுநீர் கழிக்க முக்கியும் வராமல் இருப்பது
- 5 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, அல்லது ஒரே நாளில் இரண்டு முறை வலிப்பு
- நிற்காத ரத்தப்போக்கு, வாகனம் மோதியது, உயரத்திலிருந்து விழுந்தது
- விஷம் அல்லது மனித மாத்திரை தின்றது, பாம்புக்கடி
- பூனையின் பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்து, சில்லிட்டு, வலியில் அலறுவது
- பிரசவ நேரத்தில் 20, 30 நிமிடம் பலமாக முக்கியும் குட்டி வராமல் இருப்பது

பூனையைப் பற்றித் தனியாக ஒன்று. அது நோயை மறைக்கும். கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கும், சாப்பாட்டைத் தொடாது, அவ்வளவுதான் வெளியே தெரியும். வலியிலும் சில பூனைகள் குறுகுறுக்கும், அதை நிம்மதி என்று நினைத்துவிட வேண்டாம்.

3. தொடுவதற்கு முன்

வலியில் இருக்கும் பிராணி வளர்த்தவரையும் கடிக்கும். அது பயம், அதன் குற்றமில்லை. நாய்க்கு வாய்க்கட்டுப் போடலாம். ஆனால் மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ நினைவில்லாவிட்டாலோ முகம் சப்பையான இனமாக இருந்தாலோ போடக் கூடாது. பூனையைப் பெரிய துண்டில் முகம் மட்டும் வெளியே தெரியும்படி சுற்றித் தூக்குங்கள்.

தடுப்பூசி போடாத, தெரியாத பிராணி எச்சில் ஒழுக, விசித்திரமாக நடந்துகொண்டால் கிட்டே போகாதீர்கள். ரேபீஸாக இருக்கலாம். கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மனித மருத்துவரைப் பாருங்கள். பிராணியைக் காப்பாற்றப் போனவர் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

கிளம்பும்போது மருத்துவமனைக்குப் போன் செய்து என்ன நடந்தது, எப்போது, பிராணியின் எடை என்ன, எத்தனை நிமிடத்தில் வருவீர்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் வருவதற்குள் ஆக்சிஜனும் ஆளும் தயாராக இருக்கும்.

4. ஒவ்வொரு ஆபத்துக்கும் வீட்டில் செய்யக்கூடியது

மூச்சுத் திணறல்: மூச்சுக்குத் திணறும் பிராணி தனக்கு வசதியான நிலையைத் தானே பிடித்துக்கொள்ளும். அதைப் படுக்க வைக்கவோ கட்டிப்பிடிக்கவோ வேண்டாம். பதற்றம் கூடினால் ஆக்சிஜன் தேவையும் கூடும். சத்தம் குறைத்து, காற்றோட்டமாக வைத்துக் கூட்டிவாருங்கள். தொண்டையில் ஏதாவது சிக்கியது கண்ணுக்குத் தெரிந்து, எளிதாகப் பிடிக்க முடிந்தால் மட்டும் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவினால் இன்னும் உள்ளே போகும். கொஞ்சமாவது காற்று போய் வந்தால் வேறு எதுவும் செய்யாமல் கிளம்பிவிடுங்கள். அறவே காற்று போகாமல் துவண்டுவிட்டால், விலா எலும்புகள் முடியும் இடத்துக்குக் கீழே கைமுஷ்டியை வைத்து, உள்ளேயும் முன்பக்கமாகவும் நான்கைந்து முறை வேகமாக அழுத்திப் பாருங்கள்.

வெப்பத் தாக்கு: இதில் மட்டும் வரிசை மாறும். முதலில் குளிர்விக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பயணம். உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் குடல், மூளை, சிறுநீரகம், ரத்தம் உறையும் தன்மை எல்லாமே பாதிக்கப்படத் தொடங்கும். நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். இளமையான, ஆரோக்கியமான நாயாக, நினைவோடு இருந்தால் தலை மட்டும் வெளியே இருக்கும்படி தண்ணீர்த் தொட்டியிலும் இறக்கலாம். குளிர்ந்த நீர் ஆபத்து என்று பல காலமாகச் சொல்லி வந்தார்கள். அந்தப் பயத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம், கையில் கிடைக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் சூடு உள்ளேயே தங்கும். வெப்பம் 39.5-க்கு இறங்கியதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேலும் ஊற்றினால் உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். நாய் எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ஏனென்றால் உள்ளுறுப்புப் பாதிப்பு அடுத்த இரண்டு மூன்று நாளில்கூட வெளிப்படும். பக், புல்டாக் போன்ற சப்பை முக நாய்களுக்கு மிதமான வெயிலே போதும்.

வயிறு முறுக்கிக்கொள்வது: கிரேட் டேன், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே சுழன்றுவிடும். உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லை, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தமும் தடைப்படும். நாய் நிலைகொள்ளாமல் அலையும், ஓங்கரிக்கும், எச்சில்தான் வரும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அறுவை சிகிச்சைதான், அதுவும் சில மணி நேரத்துக்குள். பிறகு மறுபடி சுழலாதபடி இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுவார்கள். இந்த இனங்களுக்குக் கருத்தடை செய்யும்போதே இந்தத் தையலையும் போட்டுவிடும்படி மருத்துவரிடம் கேளுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன்.

ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு: இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, குறியை நக்கிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் மலச்சிக்கல் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்து நிறுத்தியேவிடும். ஓரிரு நாளுக்குள் உயிர் போகலாம். அடிவயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்றப் பார்க்காதீர்கள், சிறுநீர்ப்பை கிழிந்துவிடும். தட்டில் ஈரம் இல்லை என்று தெரிந்த அந்த நேரமே கிளம்புங்கள். சரியான நேரத்தில் வந்த பூனைகளில் பெரும்பாலானவை நலமாக வீடு திரும்புகின்றன.

வலிப்பு: கடிகாரத்தைப் பாருங்கள், ஏனென்றால் அந்தத் தவிப்பில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். சுற்றியுள்ள பொருட்களை நகர்த்தி, விளக்கைக் குறைத்து, முடிந்தால் வீடியோ எடுங்கள். வாயில் கையையோ கரண்டியையோ விடாதீர்கள். நாக்கை அது விழுங்கிவிடாது. 5 நிமிடம் தாண்டினால் உடல் சூடேறி மூளைக்குச் சேதம் வரத் தொடங்கும், எனவே வலிப்பு நிற்பதற்குக் காத்திராமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். பால் கொடுக்கும் நாய்க்கு உடல் விறைத்து நடுங்கினால் அது கால்சியம் குறைவாக இருக்கலாம். குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே கொண்டுவந்தால், நரம்பில் கால்சியம் ஏற்றியதும் விரைவில் தெளியும்.

விஷம்: தின்றது என்ன, எவ்வளவு, எப்போது என்ற மூன்றும்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கும். உறை, மாத்திரை அட்டை, செடியின் கிளை, எதுவாக இருந்தாலும் கையோடு கொண்டுவாருங்கள். நீங்களாக அதை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அமிலம், காரம், பெட்ரோல் வகைகள் மேலே வரும்போது இன்னொரு முறை சுடும், அல்லது நுரையீரலுக்குள் போகும். உப்புக் கரைசல் கொடுப்பது இன்னும் மோசம், ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே உயிரைக் குடித்துவிடும். பால் எந்த விஷத்தையும் முறிக்காது.

சிலவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள். பூனைக்கு பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடக் கொல்லும், அதை முறிக்கும் வேதிச் செயல் பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். லில்லிப் பூவின் மகரந்தமோ அது வைத்திருந்த குவளைத் தண்ணீரோ போதும், பூனையின் சிறுநீரகம் செயலிழக்க. அறிகுறி வரும்வரை காத்திருந்தால் வாய்ப்பு நழுவிவிடும். நாய்க்குப் பூசும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசினால் நடுக்கமும் வலிப்பும் வரும். நாய்களுக்கு சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, ஐபுப்ரோஃபென், சர்க்கரையில்லாத மிட்டாய்களில் இருக்கும் சைலிட்டால் எல்லாமே ஆபத்து. எலிப் பாஷாணங்களில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை தந்திரமானது. தின்ற நாய் 3, 4 நாள் நன்றாக விளையாடும், பிறகு திடீரென்று உள்ளே ரத்தம் கசியும். தின்ற நாளே வந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றிவிடலாம்.

ரத்தப்போக்கும் விபத்தும்: சுத்தமான துணியை வைத்து நேராக அழுத்துங்கள், 5 நிமிடம் எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். 4 கிலோ பூனையின் உடலில் மொத்தமே கால் லிட்டருக்கும் குறைவான ரத்தம்தான் இருக்கிறது, எனவே நமக்குக் கொஞ்சமாகத் தெரிவது அதற்குக் கொஞ்சமில்லை. வாகனம் மோதியதை அசையாமல் பலகையிலோ இறுக்கிப் பிடித்த போர்வையிலோ வைத்துத் தூக்குங்கள். எழுந்து நடந்தாலும் கொண்டுவாருங்கள், நுரையீரலில் பட்ட அடி அடுத்த ஒரு நாளில்தான் முழுமையாகத் தெரியும். பாம்பு கடித்த இடத்துக்கு மேலே கட்ட வேண்டாம், கீற வேண்டாம், நடக்க விடாமல் தூக்கிவாருங்கள். பூனையின் நாக்கின் அடியிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது, உள்ளே குடலை அறுத்துவிடும்.

5. மூச்சு நின்றுவிட்டால்

கூப்பிட்டும் தட்டியும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் நாடி தேடிக்கொண்டிருக்காதீர்கள். 10 விநாடிக்குள் மார்பை அழுத்தத் தொடங்குங்கள். பிராணிகளுக்கான உயிர்மீட்பு முறைகளை ஆய்வுகளின் அடிப்படையில் முதன்முதலாகத் தொகுத்தது ரெக்கவர் என்ற முயற்சி. அதன் நெறிமுறைகள் 2012-இல் வெளிவந்தன, 2024-இல் புதுப்பிக்கப்பட்டன.

பக்கவாட்டில் படுக்க வையுங்கள். உருண்ட மார்புள்ள பெரிய நாய்க்கு மார்பின் அகலமான இடத்தில், ஒடுங்கிய ஆழமான மார்புள்ளதற்கு நேராக இதயத்தின் மேல், இரண்டு கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அழுத்துங்கள். புல்டாக் போன்ற அகன்ற மார்புள்ளதை மல்லாக்கப் படுக்க வைத்து மார்பெலும்பின் மேல் அழுத்தலாம். பூனைக்கும் குட்டி நாய்க்கும் ஒரு கையாலேயே மார்பைச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே அழுத்த முடியும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பக்கவாட்டில் படுத்திருக்கும்போது மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அமுங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுமையாக எழும்ப விடுங்கள்.

30 அழுத்தங்களுக்குப் பிறகு வாயை மூடிப் பிடித்து, மூக்கின் வழியே மார்பு எழும் அளவுக்கு இரண்டு முறை ஊதுங்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைத்த கை சரியாக அழுத்தாது. ஒருவர் வண்டி ஓட்ட, மற்றவர் இதைத் தொடரட்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதயம் நின்ற பிராணிகளில் பிழைத்து வீடு திரும்புபவை மிகக் குறைவு. மயக்க மருந்தின்போது நின்றவற்றுக்கு வாய்ப்பு அதிகம், நீண்ட நோயின் முடிவில் நின்றவற்றுக்கு ஏறக்குறைய இல்லை. நீங்கள் சரியாகச் செய்தும் அது திரும்பி வராமல் போகலாம். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

6. மருத்துவமனைக்குள் என்ன நடக்கிறது

வாசலிலேயே பிராணியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள், உங்களை வெளியே நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் மூச்சு, ரத்த ஓட்டம், மூளை என்ற வரிசையில் பார்க்கிறார்கள். முதலில் வந்தவருக்கு முன்னால் மோசமாக இருப்பவரைப் பார்ப்பதும் இங்கே முறை. உங்கள் நாய் காத்திருக்க வைக்கப்பட்டால் அது ஓரளவு நல்ல செய்திதான்.

ஆக்சிஜன் கொடுப்பார்கள், நரம்பில் கேனுலா என்ற மெல்லிய குழாயைப் போடுவார்கள், விரைவு ஸ்கேனில் மார்பிலும் வயிற்றிலும் நீரோ ரத்தமோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதிர்ச்சி நிலையில், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாத நிலையில் இருந்தால், நரம்பில் திரவம் ஏற்றுவார்கள். நாய்க்குக் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, பூனைக்கு 5 முதல் 10 மில்லி, 15 நிமிடத்தில் கொடுத்துவிட்டு மறுபடி பரிசோதிப்பார்கள். பூனை விஷயத்தில் கை அடக்கம் வேண்டும். அதிர்ச்சியில் நாயின் இதயம் வேகமாகத் துடிக்கும், பூனையின் இதயமோ பல சமயம் மெதுவாகிவிடும், உடலும் சில்லிட்டுப் போகும். அவசரப்பட்டு அதிகம் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் இன்னொரு வேறுபாடு. நாய்க்கு முதல் முறை பெரும்பாலும் பிரச்சினை வராது. பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று வகைகள் உண்டு, ஏ, பி வகைப் பூனைகளுக்கு மாற்று வகைக்கு எதிரான பொருள் பெரும்பாலும் இயற்கையாகவே ரத்தத்தில் இருக்கும். பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தத்தை ஏற்றினால் முதல் முறையே மரணம் நேரலாம். அதனால் எவ்வளவு அவசரமானாலும் வகை பார்ப்பார்கள்.

நிலைமை சற்றுத் தெளிந்ததும் தீவிர சிகிச்சை. ரெபெக்கா கர்பி என்ற கால்நடை மருத்துவர் வகுத்த இருபது அம்சப் பட்டியலைப் பல இடங்களில் நாள்தோறும் சரிபார்க்கிறார்கள். திரவ அளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, உப்புகள், சிறுநீர், வலி, உணவு என்று அது நீளும். கவனிப்பும் பாசமும்கூட அந்தப் பட்டியலில் ஓர் அம்சம். உங்கள் வாசனை உள்ள துணியைக் கூண்டில் வைக்கலாமா, தினமும் பார்க்க வரலாமா என்று தயங்காமல் கேளுங்கள். வளர்த்தவர் குரல் கேட்டு முதல் வாய் சாப்பிட்ட நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவரிடம் இன்னும் சில கேள்விகளைக் கேட்டே தீர வேண்டும். பிழைக்கும் வாய்ப்பு எப்படி, பிழைத்தால் எப்படிப்பட்ட வாழ்க்கை, அடுத்த 24 மணி நேரத்தில் எதைப் பார்த்து முன்னேற்றம் என்று சொல்வீர்கள், செலவு எந்த அளவு போகலாம். இதயம் நின்றால் மீட்க முயல வேண்டுமா என்று அவர்களும் கேட்பார்கள். நிதானமாக இருக்கும்போதே பதில் சொல்லிவையுங்கள். செலவு முடியாது என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், வேறு திட்டம் போட முடியும். வலி மட்டுமே மிச்சம் என்று தெளிவான பிறகு, வலியில்லாமல் அனுப்பிவைப்பதும் சிகிச்சைதான். அந்த முடிவை எடுத்த யாரையும் நான் குறைவாக நினைத்ததில்லை.

7. வீடு திரும்பிய பிறகு

முதல் மூன்று நாள் தனி அறை, சத்தமில்லாத மூலை. மருந்துகளை நேரம் எழுதிக் கொடுங்கள். தூக்கத்தில் மூச்சை ஒரு நாளைக்கு இரண்டு முறை எண்ணிக் குறித்துவையுங்கள், சாப்பிட்டதா, சிறுநீர் போனதா என்பதையும்தான். பூனை, அதிலும் குண்டான பூனை, இரண்டு நாள் எதுவும் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கும். அது இன்னொரு அவசரநிலை, மறுபடி கூட்டிச் செல்லுங்கள். அடைப்பு நீங்கிய ஆண் பூனைக்கு அடுத்த ஒரு வாரத்திலேயே திரும்ப அடைக்கலாம். மணல் தட்டைக் காலையிலும் இரவிலும் கிளறி, ஈரக் கட்டிகள் எத்தனை என்று எண்ணி அதே தாளில் எழுதிவையுங்கள்.